நாற்காலியிலிருந்து எழ எத்தனை வினாடி?

பில் கட்டியாகிவிட்டது. மருந்துச் சீட்டு, எக்கோ ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் மகன் கையில் இருக்கின்றன. எழுபதைத் தாண்டிய அப்பாவை வீல்சேரில் வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆட்டோ தயார். வீல்சேருக்கும் ஆட்டோவுக்கும் நடுவே இரண்டே எட்டுதான். அதற்கே ஒருவர் அக்குளில் கை கொடுக்க, இன்னொருவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பத்து நாளைக்கு முன்னால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க இதே வாசலில் வந்து இறங்கியபோது, அவர் தானாகத்தான் இறங்கினார்.

எந்த ஊர் ஆஸ்பத்திரி வாசலிலும் காணக்கூடிய காட்சி இது. நுரையீரலில் கோத்திருந்த நீர் இறங்கிவிட்டது. கால் வீக்கம் வடிந்துவிட்டது. இதயம் எவ்வளவு சுருங்குகிறது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது, உப்புச்சத்து எவ்வளவு என்று கவருக்குள் எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது. பிடிமானம் இல்லாமல் அவரால் எழுந்து நிற்க முடியுமா என்பது மட்டும் எந்தத் தாளிலும் இல்லை.

இதயச் செயலிழப்பு வந்த முதியவர் இன்னும் எத்தனை காலம், எந்த நிலையில் இருப்பார் என்பதைக் கணிக்க அந்த எழுதப்படாத தகவலும் பெரிய அளவில் உதவும் என்று கடந்த முப்பது ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

பம்பிங் மட்டும் போதாது

'ஹார்ட் ஃபெயிலியர்' என்றதும் இதயம் நின்றுபோய்விட்டது என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நின்றுபோவது வேறு. இது, உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தை இதயத்தால் அனுப்ப முடியாமல் போகும் நிலை. முன்னால் போக வேண்டியது போகாததால் பின்னால் தேங்குகிறது. நுரையீரலில் தேங்கினால் மூச்சு வாங்கும், படுத்தால் திணறும், இரண்டு மூன்று தலையணை கேட்கும். காலில் தேங்கினால் செருப்பு வார் பதிந்த தடம் சாயங்காலம்வரை மறையாது.

வீடுகளில் இதை 'ஹார்ட் வீக்' என்றும் 'பம்பிங் கம்மி' என்றும் சொல்கிறார்கள். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்தப் 'பம்பிங்'. 55க்கு மேல் இருந்தால் பொதுவாக இயல்பு. 40க்குக் கீழே போனால் குறைவு. ஆனால் வயதானவர்களில், அதிலும் பல வருடம் ரத்தக்கொதிப்போடு இருந்த பெண்களில், பம்பிங் 60 சதவீதம் இருந்தும் இதயச் செயலிழப்பு இருப்பதுண்டு. அங்கே இதயம் நன்றாகச் சுருங்குகிறது. விறைத்துப்போனதால் விரிய மறுக்கிறது. 'எக்கோ நார்மல்தானே, பிறகு ஏன் மூச்சு வாங்குகிறது' என்று குடும்பம் குழம்புவது இவர்கள் விஷயத்தில்தான்.

நோயின் கனத்துக்கு நம் பக்கத்திலேயே கணக்கு இருக்கிறது. 2013இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்போடு சேர்க்கப்பட்ட 1,205 பேரை ஸ்ரீ சித்திரா இன்ஸ்டிட்யூட் மருத்துவர்கள் ஒரு பதிவேட்டில் சேர்த்துத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களின் சராசரி வயது 61. ஐந்து ஆண்டு முடிவதற்குள் 59 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். பல புற்றுநோய்களைவிட மோசமான கணக்கு இது. ஆனால் புற்றுநோய் என்றால் அதிர்ந்துபோகிற வீடு, 'ஹார்ட் கொஞ்சம் வீக், மாத்திரை கொடுத்திருக்காங்க' என்பதோடு இதைக் கடந்துவிடுகிறது.

'எனக்கு ஒண்ணும் இல்லையே'

நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அறிய மருத்துவர்கள் கேட்கும் கேள்வி மிக எளிமையானது. எவ்வளவு வேலை செய்தால் மூச்சு வாங்குகிறது? நியூயார்க் இதயச் சங்கம் 1928இல் வகுத்த நான்கு படிகள்தான் இன்றும் உலகமெங்கும் புழக்கத்தில் உள்ளன. வழக்கமான வேலையில் தொந்தரவு இல்லை என்றால் முதல் படி. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே திணறினால் நான்காவது.

இந்தக் கேள்வியில் ஒரு ஓட்டை உண்டு. வயதானவர்கள் மூச்சு வாங்கும் வேலையைச் செய்துகொண்டே இருப்பதில்லை. அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள். முதலில் மொட்டைமாடிக்குப் போவது நிற்கும். துணி காயப்போட மருமகள் போகிறாள் என்பது காரணமாகச் சொல்லப்படும். அப்புறம் கோயில், 'கூட்டமா இருக்கு'. அதற்கப்புறம் தெருமுனைப் பெட்டிக்கடை. நின்று குளித்தவர் முக்காலி போட்டு உட்கார்ந்து குளிப்பார். தினமும் தலைக்கு ஊற்றிக்கொண்டவர் இரண்டு நாளைக்கு ஒருமுறை என்பார். டாக்டர் 'மூச்சு வாங்குதாம்மா?' என்று கேட்டால், 'இல்ல சார், எனக்கு ஒண்ணும் இல்லையே' என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. மூச்சு வாங்கும் இடங்களையெல்லாம் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

அதனால்தான் நோய் முற்றுவதை வீட்டில் பார்க்கிறவர்கள் 'வயசாயிடுச்சு' என்று நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இதயச் செயலிழப்பு உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம், குளிப்பது, உடுப்பது, கழிப்பறைக்குப் போவது, படியேறுவது போன்ற ஒன்பது அன்றாடக் காரியங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றும் சிரமமா என்று நேரடியாகக் கேட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏதாவது ஒன்றாவது சிரமம் என்றார்கள். சிரமம் கூடக்கூட மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வதும் இறப்பதும் கூடியது. 2015இல் வந்த ஆய்வு இது. பொதுவாக 'எப்படி இருக்கீங்க' என்று கேட்பதற்கும், 'நேத்து நீங்களா குளிச்சீங்களா?' என்று கேட்பதற்கும் உள்ள தூரத்தை அது அளந்து காட்டியது.

ஆறரை டைல்ஸ் தூரம்

கேட்பதோடு நிற்காமல் அளக்கவும் வழியுண்டு. ஜாக் குரால்னிக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1994இல் வெளியிட்ட சோதனைக்கு வேண்டியது கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், நான்கு மீட்டர் தரை. இரண்டடி டைல்ஸ் போட்ட கூடமாக இருந்தால் ஏறத்தாழ ஆறரை டைல்ஸ்.

முதலில் நிற்க வேண்டும். இரு பாதங்களையும் சேர்த்துப் பத்து வினாடி. பிறகு ஒரு காலின் குதிகாலை மற்றதன் கட்டைவிரல் பக்கத்தில் வைத்துப் பத்து வினாடி. கடைசியாகக் கயிற்றில் நடக்கிறவர் மாதிரி ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொன்றை நேராக வைத்துப் பத்து வினாடி. இந்த மூன்றாவதில்தான் கைகள் காற்றில் துழாவும். அடுத்து, வழக்கமான வேகத்தில் நான்கு மீட்டர் நடை. மூன்றாவது, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும்.

பார்க்கிறவருக்கு நாற்காலிதான் அதிகம் சொல்லும். தொடையில் பலம் குறைந்தவர் கையைக் கட்டியபடி எழ முயன்று, பாதி எழுந்து பொத்தென்று உட்காருவார். இரண்டாம் முறை உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, அந்த வேகத்தில் எழுவார். மூன்றாம் முறை, சொன்னதை மறந்து கை தானாகத் தொடையை ஊன்றும். ஐந்து முறையையும் 11 வினாடிக்குள் முடித்தால் முழு மதிப்பெண் நான்கு. 17 வினாடியைத் தாண்டினால் ஒன்று. முடியவே இல்லை என்றால் பூஜ்யம். மூன்று சோதனைக்கும் சேர்த்து மொத்தம் 12.

நடைவேகம் ஒன்றே எவ்வளவு சொல்லும் என்பதற்கு 2011இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று சாட்சி. ஒன்பது ஆய்வுகளில் இருந்த 34,485 முதியவர்களின் தகவல்களை ஒன்றாக்கிப் பார்த்தபோது, நடைவேகம் கூடக்கூட ஆயுளும் கூடுதலாக இருந்தது. வினாடிக்கு 0.8 மீட்டர், அதாவது நான்கு மீட்டரை ஐந்து வினாடியில் கடப்பவர்கள், அந்தந்த வயதுக்குரிய சராசரி ஆயுளை ஒட்டி இருந்தார்கள். இதயச் செயலிழப்பு புதிதாகக் கண்டறியப்பட்ட முதியவர்களைப் பற்றிய இன்னொரு அமெரிக்க ஆய்வில், மெதுவான நடையும் தசை பலவீனமும், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றோடு சேர்ந்து, ஆஸ்பத்திரிச் சேர்க்கையை முன்கூட்டிக் காட்டும் அடையாளங்களாக வந்தன.

இதயத்துக்கு நோய், காலுக்கு என்ன?

நடப்பதற்கு இதயம், நுரையீரல், ரத்தநாளம், தசை, மூட்டு, கண், மூளை எல்லாம் ஒத்துழைக்க வேண்டும். எது சறுக்கினாலும் நடை குறையும். நடை ஆயுளைப் பற்றிப் பேசுவதற்கு அது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் தசைக்குள்ளேயே இருக்கிறது. இதயச் செயலிழப்பு நாள்பட்டால் தொடைத் தசை மெலிகிறது. கிடைக்கும் ஆக்சிஜனைச் சக்தியாக மாற்றும் திறனும் அதில் குறைகிறது. எனவே ஒரே பம்பிங் சதவீதம் உள்ள இருவரில் ஒருவர் மார்க்கெட் போய் வருவார். இன்னொருவருக்குக் கழிப்பறைவரை போவதே மலையேற்றமாக இருக்கும். பசியும் எடுக்காது. குடலிலும் நீர் தேங்குவதால் நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்தது போலிருக்கும். நோயாளி என்றால் கஞ்சியும் ரசம்சாதமும்தான் என்கிற நம் வழக்கம், தசைக்கு வேண்டிய புரதத்தை மேலும் குறைத்துவிடுகிறது.

மூன்றாவது, படுக்கை. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் நொடி இல்லாத, சராசரி வயது 67 உள்ள 11 பேரைப் பத்து நாள் கட்டிலை விட்டு எழாமல் இருக்கச் செய்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. ஆரோக்கியமானவருக்கே இந்தக் கதி என்றால், ஏற்கெனவே மெலிந்த காலோடு வார்டில் கிடப்பவருக்கு என்ன ஆகும்? தூக்கம் கெடுவது, சரியாகச் சாப்பிடாதது, படுத்தே கிடப்பது எல்லாம் சேர்ந்து, வந்த நோய் தணிந்த பிறகும் சில வாரம் மனிதரை நொய்ந்துபோகச் செய்கிறது. யேல் பல்கலைக்கழக இதயநோய் வல்லுநர் ஹார்லன் க்ரும்ஹோல்ஸ் 2013இல் இதற்கு 'ஆஸ்பத்திரிக்குப் பிந்தைய நோய்க்கோவை' என்று பெயரே வைத்தார்.

இதயம் என்றால் படுக்கை என்று வைத்தியமே ஒரு காலத்தில் நம்பியது. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் அசையவிடாமல் கிடத்துவது 1950கள்வரை வழக்கம். அப்படிக் கிடந்தவர்களின் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலில் போய் அடைத்து இறப்பதும் வழக்கமாக இருந்தது. பாஸ்டனில் சாமுவேல் லெவினும் அவரிடம் பயிற்சி பெற்ற பெர்னார்ட் லவுனும் நோயாளிகளைக் கட்டிலிலிருந்து இறக்கிக் கைவைத்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். 1952இல் அந்த 'நாற்காலி வைத்தியம்' கட்டுரையாக வந்தது.

நாற்காலி வைத்தியம் வந்து எழுபது வருடத்துக்கு மேலாகிறது. இருந்தும் வீடு திரும்பிய பெரியவர் தண்ணீர் எடுக்க எழுந்தால், 'அப்பா, நீங்க ஏன் எழுந்திரிக்கிறீங்க, கேட்டா கொடுக்க மாட்டோமா?' என்று நான்கு குரல் கேட்கிறது. பாசம்தான். ஆனால் அவர் கால்களுக்கு அன்று கிடைத்திருக்கக்கூடிய ஒரே பயிற்சி அது.

பழுதுபார்க்க முடியுமா?

முடியும் என்பதற்கு வலுவான சான்று 2021இல் கிடைத்தது. அமெரிக்காவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் டேலேன் கிட்ஸ்மன் தலைமையில், இதயச் செயலிழப்பு தீவிரமாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்த, 60 வயது கடந்த 349 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. மற்றதற்கு வார்டிலேயே தொடங்கி, வீடு திரும்பியபின் வாரம் மூன்று நாளாக 12 வாரம் நீண்ட பயிற்சி. கிட்டத்தட்ட எல்லோரும் உடல் நொய்ந்தவர்கள் அல்லது அதன் விளிம்பில் இருந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் சராசரியாக ஐந்து வேறு நோய்கள்.

டிரெட்மில்லில் ஏற்றி ஓடவைக்கவில்லை என்பதுதான் இதன் நுட்பம். நிற்கவே தடுமாறுகிறவரை வேகமாக நடக்கச் சொன்னால் விழுவார். எனவே தசைபலம், சமநிலை, நடமாட்டம், தாக்குப்பிடிக்கும் திறன் என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அவரவர் நிற்கும் இடத்திலிருந்து மேலே ஏற்றினார்கள். ஒருவருக்கு நாற்காலியிலிருந்து எழுவது பாடம், இன்னொருவருக்கு மாடிப்படி.

தொடக்கத்தில் இரு குழுவினரும் நாம் பார்த்த 12 மதிப்பெண் சோதனையில் 6ஐ ஒட்டி இருந்தார்கள். மூன்று மாதத்தில் வழக்கமான கவனிப்பு பெற்றவர்கள் 6.9க்கு வந்தார்கள், பயிற்சி பெற்றவர்கள் 8.3. கேட்கச் சின்ன வித்தியாசமாகத் தோன்றும். அன்றாட வாழ்க்கையில் அது, பிறர் கையைப் பிடித்து எழுவதற்கும் தானே எழுவதற்கும் உள்ள வித்தியாசமாக இருக்கலாம்.

ஆனால் ஆறு மாதத்தில் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்த கணக்கில் இரு குழுவுக்கும் உறுதியான வேறுபாடு இல்லை. இறப்பும் பயிற்சி பெற்றவர்களில் 21, மற்றவர்களில் 16. தற்செயலாகவும் வரக்கூடிய இடைவெளிதான். என்றாலும், நடக்கவைத்தால் ஆயுள் கூடும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நன்றாக நடப்பவர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள் என்பது ஒன்று. நடையைத் தேற்றினால் வாழ்நாள் நீளும் என்பது வேறொன்று. முதலாவதற்குச் சான்று நிறைய. இரண்டாவது இந்த நோயாளிகளில் இன்னும் நிரூபணமாகவில்லை. பம்பிங் குறைந்தவர்களின் ஆயுளை நீட்டுவதாக நிரூபணமானவை மாத்திரைகள். பயிற்சியைக் காரணம் காட்டி அவற்றில் ஒன்றைக்கூட விட முடியாது. பயிற்சி தருவது, இருக்கும் நாட்களில் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பலம். பெரியவர்களிடம் கேட்டால், பலர் அதையே முதலில் கேட்பார்கள்.

நம் வீட்டுக் கூடத்தில்

நம் ஊர் வீடுகள் இந்த நோயாளிக்குச் சில சோதனைகளை வைக்கின்றன. குந்தி உட்காரும் கழிப்பறை, தரையில் பாய், உயரமான வாசல்படி, பின்கட்டில் ஈரத்தரையோடு குளியலறை. நீர் மாத்திரை போட்டவர் அவசரமாக எழுவார். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். இருட்டில், ஈரத்தில், விழுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நீர் மாத்திரையை எந்த நேரத்தில் போட்டால் இரவு எழ வேண்டியிருக்காது என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் விளிம்பில் உட்கார்ந்து, பிறகு நிற்கலாம். கழிப்பறையில் சுவரோடு ஒரு இரும்புக் கம்பி, உட்காரும் வகைக் கோப்பை, இரவு விளக்கு ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை.

பயிற்சியை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சுவலி இருந்தால், படபடப்போ மயக்கமோ வந்தால், மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை ஏறினால், அது பயிற்சிக்கான நேரமில்லை. டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம். அனுமதி கிடைத்தவருக்கு நாற்காலியே போதும். சுவரை ஒட்டிப் போட்டு, பக்கத்தில் ஒருவர் நிற்க, முதலில் கையை ஊன்றி இரண்டு முறை, அடுத்த வாரம் மூன்று முறை. நடக்கும்போது பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாம். வாக்கியம் பாதியில் அறுந்தால் வேகம் அதிகம். பிரிட்டனில் 216 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் செய்த ஆய்வில், ஒரு கையேட்டையும் அவ்வப்போது வந்துபோகும் செவிலியர் அல்லது பிசியோதெரபிஸ்ட்டையும் வைத்து வீட்டிலேயே நடத்திய 12 வாரப் பயிற்சி, நோயாளிகளின் அன்றாட வாழ்க்கைத் தரத்தை உயர்த்தியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு. படுத்த படுக்கையாகும் வரை காத்திராமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்னதாகவே கேட்டுப் பார்க்கலாம்.

சாப்பாட்டில் ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு ஆகியவற்றை ஒதுக்க வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்ததே. அவற்றை எடுத்த தட்டில் பருப்பு, முட்டை, உப்புக் குறைத்த சுண்டல், மீன் என்று புரதம் வந்து உட்கார வேண்டும் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மருத்துவர் சொல்வார்.

உடம்பைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. ஜப்பானில் இதயச் செயலிழப்புக்காகச் சேர்க்கப்பட்ட, 65 வயது கடந்த 1,180 பேரை ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு உடல் நொய்வு இருந்தது. அதைவிட அதிகம் பேருக்கு இருந்தது, வெளியே போவது குறைந்து பேச ஆளில்லாமல் போகும் சமூக நொய்வு. உடல், மனத்தெளிவு, சமூகம் என்று எத்தனை பக்கம் நொய்வு சேர்ந்ததோ, அந்த அளவுக்கு ஓராண்டுக்குள் இறப்பும் கூடியது. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பூட்டிய கம்பிக் கதவுக்குள் இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடுகள் நம் தெருக்களிலும் பெருகிவிட்டன. தெருமுனைவரை கூட நடந்து வருகிற ஒரு பக்கத்துவீட்டுக்காரர் அங்கே பயிற்சியாளராகவும் இருக்கிறார், பேச்சுத்துணையாகவும் இருக்கிறார்.

இதய நோயாளி உள்ள சில வீடுகளில், தினசரி காலண்டர் தாளின் ஓரத்தில் காலை எடையைக் குறித்து வைக்கிறார்கள். நல்ல பழக்கம். ஞாயிற்றுக்கிழமைத் தாள்களில் அதற்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் எழுதலாம்: நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ எத்தனை வினாடி ஆயிற்று, அல்லது கை ஊன்றாமல் எத்தனை முறை எழ முடிந்தது. அடுத்த செக்கப்புக்குப் போகும்போது கிழித்த தாள்களை எக்கோ ரிப்போர்ட் இருக்கும் அதே கவரில் போட்டுக்கொண்டு போகலாம். டாக்டர் 'எப்படி இருக்கீங்க?' என்பார். பெரியவர் வழக்கம்போல 'ஒண்ணும் இல்ல சார்' என்பார். அப்போது அந்தத் தாள்களை எடுத்து மேஜைமேல் வைக்கலாம்.